மூன்றாவது கதிரை

மகன்,

நேற்றுப் பின்னேரம் நீ அனுப்பிய உன் கல்யாண விருந்தினர் பட்டியலைப் பார்த்தேன். இருநூற்றுச் சொச்சம் பெயர்கள். உன் பெரியப்பாவின் மச்சான் குடும்பத்துக்குக்கூட நான்கு கதிரை போட்டிருக்கிறாய். நல்லது, அந்த மனிதர் தாலி கட்டும் நேரத்துக்கு வராவிட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குத் தவறாமல் வந்துவிடுவார். பட்டியலின் அடியில், "ஷிரினும் பிள்ளையும், இரண்டு கதிரை" என்று இருந்தது. கையிலிருந்த தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு உன்னை அழைத்தேன். ஷாமோவுக்கு எங்கே கதிரை என்று கேட்டேன். அவன் சிஞ்சாரில் நிற்கிறான், வரமாட்டான், வெறும் கதிரைக்கு எதற்கு இடம் என்றாய். நான் குரலை உயர்த்தியதும், "அம்மா, ஸ்லாப் அவ்" என்றுவிட்டு, கூட்டம் ஒன்று இருக்கிறதென்று தொலைபேசியை வைத்துவிட்டாய்.

ஸ்லாப் அவ். ஆறுதலாய் இரு. இந்த நோர்வேயில் முப்பத்துநான்கு வருடமாக வேலை செய்கிறேன். என்னை ஆறுதலாய் இருக்கச் சொன்னவர்கள் எல்லோரும் ஆறுதலாய் இருந்தார்கள், வேலை மட்டும் என் தலையில் விழுந்தது. ஆகவே எழுதுகிறேன். கடிதத்தை இடையில் நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்குப் போகலாம், ஆனால் அது மேசையில் கிடக்கும். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன எட்டு வருடத்துக்கும் இன்றைக்குத்தான் பலன் கிடைக்கிறது. நீ தமிழை எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். மெதுவாகவே வாசி, எனக்கு அவசரமில்லை. பொய், எனக்கு அவசரம்தான்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். தெரிந்தும் தெரியாதவன்போல நடக்கிறாய், அதனால் முதலிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. ஷிரின் எங்கள் முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு வேலைக்கு வந்து ஆறு வருடம். உருளைக்கிழங்கு உரிப்பாள், பெரிய பாத்திரங்களைத் தேய்ப்பாள், ஒரு சொல் முகம் சுளிக்கமாட்டாள். சலாட் இலைப் பெட்டி வந்தால் மட்டும் ஆளைக் காணக் கிடைக்காது. வேலைக்கள்ளி என்று நினைத்துக்கொண்டு ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் ஏசினேன். அவள் பெரிய பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டாள். இரண்டு கிழமை கழித்து, தன் ஆட்கள் அந்த இலையைத் தொடுவதில்லை, அது பழைய வழக்கம் என்று மெல்லச் சொன்னாள். யசீதிகள் என்ற பெயரையே அன்றுதான் நான் சரியாகக் கேட்டேன். ஈராக்கின் வடக்கே சிஞ்சார் என்றொரு மலை, அதைச் சுற்றி ஊர்கள், சூரியனைப் பார்த்துக் கும்பிடுகிற சனம், மயில் உருவத்தில் ஒரு தேவதூதர். அன்றிலிருந்து நான் இலையை வெட்டுகிறேன், அவள் வெள்ளரிக்காயை வெட்டுகிறாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

அவளுடைய புருஷன் ஷாமோவை நீ வேறு வழியால் அறிந்தாய். படிக்கிற காலத்தில் கோடை விடுமுறைக்கு ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் சாமான் இறக்கப் போனாயே, அங்கே அவன் உனக்கு மேற்பார்வையாளன். நீ அவனுக்குச் சாரதிப் பரீட்சைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாய், அவன் உனக்கு முதுகு பிடிக்காமல் பெட்டி தூக்கப் பழக்கினான். ஞாயிறுகளில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் மீன்குழம்பைச் சாப்பிட்டுக் கண்ணீர் வடிய வடிய இன்னும் கேட்பான். அந்த மேசையில் இருந்துதான் மலையின் கதையைச் சொன்னான். பத்து வருடத்துக்கு முன் ஓர் ஆவணி மாதத்தில், ஊருக்குக் காவல் நின்ற படை விடிவதற்கு முன்பே வாகனங்களில் ஏறிப் போய்விட்டது. காலையில் சனம் எழும்பிப் பார்த்தால் காவலரணில் ஆளில்லை. யசீதி என்பதற்காகவே கொல்ல வருகிறவர்கள் தெருவில். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலையில் ஏறினார்கள். தண்ணீர் இல்லை. சுவர் பூசுகிறவன், ஆடு மேய்க்கிறவன், பள்ளிக்கூட வாத்தியார் என்று கையில் துவக்குக் கிடைத்தவர்கள் மலைக்கு ஏறும் பாதையை மறித்து நின்றார்கள். ஷாமோ சுவர் பூசுகிறவன். தங்கள் ஊரைத் தாங்களே காப்பது என்று அவர்கள் முடிவெடுத்தது அந்தப் பாதையில்தான். பிறகு அது படையாயிற்று, பெயர் வந்தது, கொடி வந்தது, யார் தலைவன், யார் பக்கம் சாய்வது என்ற பிடுங்குப்பாடும் வந்தது. எங்கள் ஊரில் இயக்கங்களைப் பார்த்த எனக்கு அதில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

இப்போது கிரீவ் விஷயம். இதைத்தான் நீ ஏதோ பிறந்தநாள் விழாவுக்குப் போய்வந்ததுபோல் நினைத்துக்கொண்டிருக்கிறாய். யசீதி வீட்டில் ஆண்பிள்ளைக்குச் சுன்னத்துச் செய்யும்போது பிள்ளையை ஒருவன் மடியில் வைத்திருக்க வேண்டும். இரத்தம் அவன் மடியில் விழுந்தால் அவன் கிரீவ். அன்றிலிருந்து இரண்டு குடும்பமும் ஒன்று. ஏழு தலைமுறைக்குக் கல்யாணம் பேசமாட்டார்கள், அவ்வளவு நெருங்கிய உறவு. ஆபத்து வந்தால் கிரீவ் காப்பாற்ற வேண்டும். கிரீவ் ஒன்றைக் கேட்டால் மறுக்கக்கூடாது. பெரும்பாலும் வேறு சமயத்து அயலவனைத்தான் கிரீவாக எடுப்பார்களாம், உறவு ஊருக்கு வெளியேயும் இருக்கட்டும் என்று. ஷாமோவை மடியில் வைத்திருந்தவன் பக்கத்து ஊர்க்காரன். அந்த ஆவணியில் வந்தவர்களுக்கு ஷாமோ வீட்டைக் காட்டிக்கொடுத்தவனும் அவன்தான். அதே ஊரில் இன்னொருவருடைய கிரீவ், பத்துப் பேர் உள்ள குடும்பத்தைத் தன் வைக்கோல் கொட்டிலில் ஒளித்துவைத்து, தன் உயிரைப் பணயம் வைத்து மலைக்கு அனுப்பினானாம். ஷாமோ இரண்டையும் சொன்னான். ஆனால் தன் பிள்ளைக்கு வெளியாள் மடி வேண்டாம், இனி நாங்களே எங்களுக்குக் காவல் என்று மலைப்பாதையில் நின்ற மற்றவர்களைப்போல அவனும் சத்தியம் செய்திருந்தான். அப்படிப்பட்டவன் தன் மகன் மிர்ஸா பிறந்ததும் உன்னிடம் வந்து கேட்டான். நீ ஒரு கணமும் யோசிக்காமல் ஓம் என்றாய்.

நானும் யோசிக்கவில்லை, அதையும் எழுதிவைக்கிறேன். எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி ஞானத்தகப்பன் என்றால் என்ன செய்வோம்? கோயிலில் மெழுகுதிரி பிடிப்போம், பிள்ளைக்கு ஒரு சங்கிலி போடுவோம், படம் எடுப்போம், புரியாணி சாப்பிட்டு வீட்டுக்கு வருவோம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, தமிழ் நகைக்கடைக்குப் போய், மாதா படம் பொறித்த பதக்கத்தோடு ஒரு சங்கிலி வாங்கினேன். மயில் தேவதையைக் கும்பிடுகிற பிள்ளைக்கு மாதா. போதாததற்கு நீல நிறத்தில் ஒரு சட்டை, அவர்கள் உடுத்தாத நிறம். சுன்னத்துச் செய்த கிளினிக்கில் டொக்டர் முணுமுணுத்துக்கொண்டே உன்னைக் கதிரையில் இருக்கவிட்டார். நீ வெள்ளைத் துவாயை விரித்துப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பினாய். துவாயில் ஒரு துளி விழுந்ததும் ஷாமோ குனிந்து உன் தோளில் நெற்றியை வைத்தான். அப்போது நான் சங்கிலிப் பெட்டியைத் திறந்து நீட்டினேன். ஷிரின் பார்த்தாள், சிரித்தாள், வாங்கிக்கொண்டாள். இன்றும் அதை ஒரு துணியில் முடிந்துவைத்திருக்கிறாள். எனக்கு விஷயம் விளங்கவில்லை என்று அவளுக்கு அன்றே விளங்கியிருக்கும்.

நான்கு வருடம் எல்லாம் நல்லாத்தான் போனது. நீ ஸ்தவாங்கரில் வேலை எடுத்துப் போனாய், ஷாமோ ஞாயிறுகளில் வந்தான். போன மாரிக் குளிரில் செய்தி வந்தது. மலைச்சரிவிலுள்ள காவலரண் ஒன்றுக்குப் பொறுப்பாயிருந்த அவனுடைய தமையன் கண்ணிவெடியில் ஒரு காலை இழந்துவிட்டான். அரசாங்கம் வேறு, உங்கள் படையைக் கலைத்துவிட்டு எங்களோடு சேருங்கள், நாங்கள் காக்கிறோம் என்கிறதாம். முன்பும் ஒரு படை காவலுக்கு நின்றதுதானே என்று இவர்கள் கேட்கிறார்கள். அண்ணன் எழும்பி நடக்கும்வரை அவன் இடத்தில் நிற்கிறேன், மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனான் ஷாமோ, இது எட்டாவது மாதம். இங்கே மிர்ஸாவைப் பாலர் பள்ளிக்கு, அந்தப் பார்னஹாகனுக்கு, கூட்டிப்போவதும் கூட்டிவருவதும் பாதி நாள் நான். வீட்டில் உன் அப்பா அவனோடு தரையில் படுத்துக் கார் ஓட்டுகிறார். உன்னோடு அப்படி ஓட்டியதை நான் கண்டதில்லை.

பங்குனியில் ஷிரின் உன்னிடம் வந்தாள். ஸ்தவாங்கருக்கு ரயிலில், பிள்ளையோடு, எட்டு மணி நேரம். நீ ஷாமோவை வரச் சொல் என்று கேட்டாள். நீ அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து, மிர்ஸாவுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, அது ஷாமோ எடுத்த முடிவு, அதை நாம் மதிக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தி அனுப்பிவைத்தாய். அவள் திரும்பிவந்து என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. நான்தான் உன்னை அழைத்துக் கேட்டேன். நீ சொன்னாய்:

"அது அவன்ரை முடிவு, அம்மா. அதுக்குள்ள நான் எப்பிடித் தலையிடுறது?"

அதைக் கேட்டதும் நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். நீ கவனிக்கவில்லை, வேறு கதைக்குப் போய்விட்டாய். நான் ஏன் அப்படி இருந்துவிட்டேன் என்று இன்றைக்குத்தான் சொல்லப்போகிறேன். உன் அப்பாவுக்கும் முழுக்கத் தெரியாது.

மன்னாரில் எனக்கு ஒரு ஞானமகன் இருக்கிறான், டெனிஸ். நத்தாருக்கு நத்தார் அழைப்பானே, அவன்தான். அவனுடைய தகப்பன் சூசை கடல் தொழில், தாய் பிலோமினா எனக்கு அடுத்த வீட்டுச் சிநேகிதி. கரையால் ஆமி வந்து இறங்குகிற காலம். ஊர் ஆம்பிளைகள் சேர்ந்து கரையில் முறை வைத்துக் காவல் நின்றார்கள். இயக்கம் வேறு, இவர்கள் வேறு. கைத்தொலைபேசியா இருந்தது? ஒரு மணியும் இரண்டு டோர்ச்சும் நாலு துவக்கும்தான். சூசைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது, இருந்தும் முறை தவறமாட்டான். பெஞ்சாதி சொல்லி முறையை விட்டால் மற்றவர்கள் பகிடி பண்ணுவார்கள். பிலோமினா என் வீட்டு வாசலுக்கு வந்து, நீர் ஞானத்தாய், நீர் ஒரு சொல்லுச் சொன்னால் அவர் கேட்பார், கொஞ்ச நாளைக்கு என்ரை தாய் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறன் என்று கேட்டாள். எனக்கு நோர்வேக்கு வரக் கொழும்புக்குப் போகிற பரபரப்பு. பெட்டி பாதி அடுக்கியிருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அது உங்கட குடும்ப அலுவல், பிலோமினா. அதுக்குள்ள நான் எப்பிடித் தலையிடுறது?"

நான் போய் ஒன்பதாம் நாள் சூசையைக் கரையில் சுட்டுப்போட்டார்கள். எனக்குச் செய்தி வரும்போது நான் நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில், முழங்கை வரை றப்பர் கையுறையோடு நின்றேன். கடிதத்தைக் கையுறையோடுதான் பிரித்தேன். நான் கேட்டிருந்தால் சூசை வந்திருப்பானா? வராமலும் இருந்திருப்பான், பிடிவாதக்காரன். ஆனால் நான் கேட்கவில்லை. டெனிஸ் இன்றைக்கு இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். நத்தாருக்கு அழைத்து என் முழங்கால் வலியை விசாரிக்கிறான். அந்தக் கதையை ஒருநாளும் எடுத்ததில்லை. தாய் சொல்லாமலா இருந்திருப்பாள்? அவன் ஒருமுறை ஏசினால் எனக்கு நல்லாயிருக்கும்.

சரி, போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஷாமோவுக்கு வெள்ளிக்கிழமைகளில்தான் தொலைபேசி வேலை செய்யும் இடத்துக்குக் கீழே இறங்கி வந்து கதைக்க வசதி. வேலை இடைவேளையில் ஷிரின் அவனோடு கதைத்து முடித்ததும் தொலைபேசியை நான் வாங்கினேன். நலம் விசாரிக்கவெல்லாம் நேரமில்லை, நேராகக் கேட்டேன். அண்ணன் எப்படி என்றேன். செயற்கைக்கால் பூட்டியாயிற்று, காவலரண் வாசலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருந்து எல்லோரையும் அதட்டுகிறான், சித்தப்பா மகன்மார் மூன்று பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்றான். அப்படியென்றால் உனக்கு அங்கே என்ன வேலை என்றேன். அவன் தன் உடைந்த நோர்வேஜிய மொழியில் சொன்னான். அதை நான் தமிழில் எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை.

"நானாக இறங்கினால் ஓடிவிட்டான் என்பார்கள். பெஞ்சாதி கூப்பிட்டாள் என்றால் சிரிப்பார்கள். கிரீவ் கூப்பிட்டான் என்றால் அண்ணனே என் பையைக் கட்டித் தருவான். எட்டு மாதமாக உங்கள் மகன் கேட்பான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

அதை அவனிடமே சொல்லக்கூடாதா, விசரா என்று கேட்டேன். கேட்டு வாங்குகிற விஷயமில்லை அது என்றான். அப்போ நான் கேட்கிறேன், நானும் அந்தக் குடும்பம்தானே, இறங்கி வா என்றேன். சிரித்தான். உங்கள் கையை முத்தமிடுவேன் அம்மா, ஆனால் மடி அவனுடையது என்றான். ஷிரின் எனக்குப் பக்கத்தில் நின்று வெள்ளரிக்காயை வெட்டிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு எழுபது பேருக்குத் தேவையானதைவிட இரண்டு மடங்கு வெட்டியிருந்தாள். அவளுக்கு இது முதலே தெரியும். ஸ்தவாங்கர் வரை ரயிலில் வந்தது வேறு எதற்கு? உனக்கு விளங்கும் என்று நினைத்து வந்தவள், நீ மதிப்பு மரியாதை பற்றி வகுப்பு எடுத்ததும் பேசாமல் திரும்பிவிட்டாள்.

உன் மனதில் என்ன ஓடுகிறதென்று எனக்குத் தெரியும், உன்னைப் பெற்றவள் நான். முன்பொருமுறை தேவாலயத்துக்கு வெளியே காரில் இருக்கும்போது நீயே வாய்தவறிச் சொன்னாய். நான் கூப்பிட்டு அவன் வந்து, பிறகு அங்கே காவலரணுக்கு ஏதும் நடந்தால், அந்தப் பழி என் தலையில் அல்லவா என்றாய். ஓம், உன் தலையில்தான். அவனுக்கு இங்கே மனம் ஒட்டாமல், நீ ஏன் என்னைக் கூப்பிட்டாய் என்று பத்து வருடத்துக்குப் பிறகு உன்னை ஏசவும் கூடும். அதற்கும் உரித்துள்ளவன் நீதான். அந்த வெள்ளைத் துவாயை விரிக்கும்போது இதெல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் விரித்தாய். உனக்கு அப்போது தெரியாது, எனக்கும் தெரியாது, ஆனால் தெரியாமல் எடுத்த பொறுப்பு பொறுப்பில்லாமல் போகாது. ஒன்றும் கேட்காமல் இருந்தால் பழி வராது என்றுதானே நினைக்கிறாய்? அதை என்னிடம் கேள். முப்பத்துநான்கு வருடமாக நான் அந்தப் பழியோடு இருக்கிறேன், ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லாமலே.

அவர்கள் படை சேர்த்தது பிழை என்று நான் சொல்லவில்லை. ஆளில்லாத காவலரணை ஒருநாள் காலையில் பார்த்தவர்களிடம் போய் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. நிற்க வேண்டியவர்கள் நிற்கட்டும், தமையன் அங்கேயே நிற்கட்டும், அது அவர்கள் மலை. ஆனால் நிற்கத் தேவையில்லாத ஒருவன், இறங்குவதற்கு ஒரு சொல் இல்லாமல் அங்கே நிற்கிறான். அந்தச் சொல் உன் வாயில் இருக்கிறது, நீயோ அதை வைத்துக்கொண்டு பூ அலங்காரக்காரியோடு விலை பேசிக்கொண்டிருக்கிறாய். எனக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. உன் துணைவியாக வரப்போகிறவளிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவளும் அந்த உறவுக்குள்தான் வருகிறாள், என்னைப்போல நகைக்கடைக்கு ஓடாமல் முதலே அறிந்துகொண்டு வரட்டும். வருகிற வெள்ளி பின்னேரம் நாலு மணிக்கு ஷாமோ கீழே இறங்கி வருவான். அந்த நேரத்தில் கூட்டம் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. நலம் விசாரிக்காதே, காலநிலை பற்றிக் கதைக்காதே, அவன் முடிவை மதிக்கிறேன் என்று தொடங்கினாயோ நான் ஸ்தவாங்கருக்கே வந்துவிடுவேன். வீட்டுக்கு வா என்பதற்கு இந்த நாட்டு மொழியில் இரண்டே சொல், நீ பார்னஹாகனில் படித்தது. அந்த இரண்டையும் சொல்லிவிட்டு வை.

மண்டபக்காரரிடம் நான் இன்று காலையிலேயே கதைத்துவிட்டேன். ஷிரினுக்குப் பக்கத்தில் மூன்றாவது கதிரை போடச் சொல்லியிருக்கிறேன். அதை எடுக்கச் சொல்லி நீ அழைத்தால், அம்மாவிடம் கேளுங்கள் என்று சொல்லும்படியும் சொல்லிவைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ அந்த இரண்டு சொல்லைச் சொன்ன பிறகு எனக்கு அழை. நான் ஆறுதலாய் இருக்கிறேன்.

அம்மா